கஷ்டம் என்று ஒரு சொல்

பங்கு இல்லத்தின் வாசற்படியில் ஒரு நாளில் நம் செவியில் மிகுதியாக விழும் சொல் எது என்று எவரேனும் வினவினால், 'தோத்திரம், சாமி' என்பதற்கு அடுத்தபடியாக 'கஷ்டம்' என்பதே என்று தயங்காமல் கூறுவோம். காலைத் திருப்பலி முடிந்து, நாம் திருவுடைகளைக் களைந்து வெளியே வரும்போதே அச்சொல் தூணருகில் நமக்காகக் காத்து நிற்கும். அதைச் சொல்லாதவர் இல்லை. அதைக் கேளாமல் கழிந்த நாளும் இல்லை. ஆயினும், அதைச் சொல்லும் இருவர் ஒரே பொருளைச் சொல்வதில்லை என்பதை நாம் காலம் கடந்தே கற்றோம். அவ்வாறு கற்றதற்கு வேறொருவர் விலை கொடுத்தார். அதனைக் கூறுமுன் அச்சொல்லைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் கணக்குப் பாடம் கஷ்டம் என்கிறான். முயன்றால் வரும், எளிதில் வராது என்பது அவன் கருத்து. அவனுடைய தந்தை, 'கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறேன்' என்கிறார். அதில் முறையீடு பாதி, பெருமை பாதி. 'அது கஷ்டப்பட்ட குடும்பம், சாமி' என்று அன்பியப் பொறுப்பாளர் நம் காதருகே குனிந்து சொன்னால் வறுமை என்று பொருள். 'அவன் பேசியது மனசுக்குக் கஷ்டமாய்ப் போயிற்று' என்றாலோ பணத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை; ஒரு கடுஞ்சொல் உள்ளே தைத்துக் கிடக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், 'இந்தத் திருவிழாவுக்கு வருவது கஷ்டம்' என்று தொலைபேசியில் கூறினால், வரமாட்டேன் என்பதையே மரியாதையாகச் சொல்கிறான். தாய்க்கு அது விளங்கும். விளங்கியும் கொடியேற்றத்தன்று பேருந்து நிலையத்திற்கு ஆள் அனுப்பிப் பார்ப்பாள். 'பாட்டிக்குக் கஷ்டமாயிருக்கு, உடனே வாங்க சாமி' என்று நள்ளிரவில் ஒரு சிறுவன் கதவைத் தட்டினால் நாம் கேள்வி எதுவும் கேட்பதில்லை. நோயிற்பூசுதலுக்கான எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு அவன் பின்னே நடந்துவிடுகிறோம். மருத்துவர் ஒருவர், 'கஷ்டம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டு நம் முகத்தைப் பாராமல் நகர்ந்தால், அதன் பொருள் மரணம்.

பள்ளிக்கூடக் கணக்கு முதல் மரணப்படுக்கை வரை ஒரே சொல் ஓடி ஓடி வேலை செய்கிறது. வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்ட சொல் அது. கிரந்த எழுத்தை விரும்பாதோர் 'கட்டம்' என்று எழுதிப் பார்த்ததுண்டு. ஆனால் அப்படி எழுதினால் சதுரங்கக் கட்டமோ, வழக்கின் இறுதிக் கட்டமோ என்று படிப்போர் மயங்குவர். தூய தமிழ் வேண்டுவோர் அச்சொல்லை விலக்கிவிடச் சொல்கின்றனர். நமக்கு அதில் வழக்கு ஒன்றுமில்லை. விலக்கிய இடத்தில் எதனை வைப்பது என்பதே வினா. ஏனெனில் தமிழில் அதற்கு ஈடாக ஒரு சொல் இல்லை. பல சொற்கள் இருக்கின்றன.

திருக்குறளின் 63-ஆம் அதிகாரம் 'இடுக்கண் அழியாமை'. துன்பத்தில் மனம் தளராதிருத்தலைப் பற்றிய அப்பத்துக் குறட்பாக்களுக்குள் வள்ளுவர் இடுக்கண் என்கிறார், இடும்பை என்கிறார், இடர்ப்பாடு, அல்லல், துன்பம், இன்னாமை என்றும் கூறுகிறார். ஆறு சொற்கள்! ஓசைக்காகவும் எதுகைக்காகவும் மாற்றினார் என்று சிலர் கூறக்கூடும். ஓரளவு உண்மையாயிருக்கலாம். ஆயினும் மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியை இழுத்துச் செல்லும் எருதை நினைவூட்டும் இடத்தில் 'இடர்ப்பாடு' என்னும் சொல் வருவதும், இருந்த செல்வம் போயிற்றே என்று ஏங்குவோரைப் பேசும் இடத்தில் 'அல்லல்' என்னும் சொல் வருவதும் நமக்குப் பொருத்தமாகவே படுகின்றன. எருதுக்கு வழியில் தடை. ஏங்குவோர்க்கு உள்ளத்தில் அலைச்சல்.

இத்தகைய ஒருபொருட் சொற்களைத் தொகுத்து வைப்பது தமிழருக்குப் பழைய கலை. நிகண்டுகள் அவற்றைச் செய்யுளாகத் தந்தன. மாணாக்கர் மனப்பாடம் செய்தனர். நம் வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை வகுத்து, அவற்றுள் பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒருங்கே வைத்தார். தேம்பாவணி பாடிய புலவராயிற்றே, இதில் என்ன வியப்பு என்பீர்கள். நமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதிய அதே மனிதர், வீட்டிலும் வீதியிலும் மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் தனியே ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் அச்சேறியது. அவருக்கும் அச்சபையாருக்கும் இடையே நடந்த கடும் வாதங்களை அறிந்தோர் இதைக் கேட்டுப் புன்னகை செய்வர். மறைப்பணிக்கு வரும் குருவானவர் நூல்களை மட்டும் படித்தால் போதாது. வாசலில் வந்து நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதும் அவருக்கு விளங்க வேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

இனி அச்சொற்களில் சிலவற்றைப் பார்ப்போம். சிரமம் என்பது உழைப்பினால் வரும் களைப்பு. ஆகவேதான் 'சிரமத்தைப் பாராமல் வந்தீர்களே' என்று விருந்தினரிடம் கூறுகிறோம், 'துன்பத்தைப் பாராமல்' என்று கூறுவதில்லை. தொல்லை பிறர் தருவது. பெரும்பாலும் அண்டை வீட்டார் தருவது. முடை என்றால் கையில் காசில்லை. துயரம் இழப்பினால் வருவது. இடுக்கண் என்று உச்சரித்துப் பாருங்கள். இடுக்கு என்னும் சொல் உள்ளே ஒலிக்கும். நெருக்கடி என்பதில் நெருக்கம் வெளிப்படையாகவே இருக்கிறது. சங்கடம் என்னும் வடசொல்லுக்கும் முதற்பொருள் குறுகலானது என்பதே. நமக்கு இலத்தீன் கற்பித்த முதிய குரு ஒருவர், 'அங்குஸ்தியா' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, 'ஒடுக்கம்! ஒடுக்கம்!' என்று இரு கைகளாலும் தம் தொண்டையைப் பிடித்துக் காட்டுவார். வகுப்பு சிரிக்கும். அவரே மற்றொரு நாள் 'திரிபுலாசியோ' என்னும் சொல்லுக்கு விளக்கம் தந்தார். அடியில் கூர்ங்கற்கள் பதித்த பலகையைக் கதிர்களின் மேல் மாடு பூட்டி இழுத்துத் தானியத்தைப் பிரிப்பார்களாம். அப்பலகையின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. பழைய மொழிபெயர்ப்புகளில் 'உபத்திரவம்' என்று நாம் வாசித்தது அதனைத்தான். துன்பம் என்றால் சிலருக்கு நெரிபடுவது, சிலருக்கு மிதிபடுவது. இரண்டும் ஒன்றல்ல என்று அன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். குறிப்பேட்டில் எழுதுவது எளிது.

நம் கத்தோலிக்க வீடுகளுக்கென்றே சில சொற்கள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நம் செபங்கள் எளிய தமிழுக்கு மாறின, மாறியது நன்றே. ஆயினும் பாட்டிமாரின் வாயில் பழைய சொற்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. 'கஸ்தி' என்பார்கள், அது கஷ்டத்தின் உறவினர் போலவே ஒலிக்கிறது. நோயிற்பூசுதலை 'அவஸ்தைப்பூசுதல்' என்பார்கள். வெறும் 'நிலை' என்று பொருள்படும் வடசொல் தமிழில் மரண வேதனையாகவே மாறிவிட்டதைப் பாருங்கள். படுக்கையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பவரைப் பற்றி, 'இங்கேயே உத்தரித்துவிட்டார்' என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தை அறிந்தோர்க்கே அச்சொல்லில் உள்ள ஆறுதல் புரியும். 'கிருபை தயாபத்து' மந்திரத்தில் இவ்வுலகைக் கண்ணீர்க் கணவாய் என்கிறோம். கணவாய் மலைகளுக்கிடையே உள்ள குறுகலான வழி. ஒடுக்கந்தான், ஆனால் அதற்கு மறுபக்கம் உண்டு. இறைவன் தம்மை நெருக்கத்திலிருந்து விசாலமான இடத்திற்குக் கொணர்ந்தார் என்று 18-ஆம் திருப்பாடலின் ஆசிரியர் நன்றி கூறுவதும் இதனையே.

வியாகுலம் என்பதும் அத்தகைய பழஞ்சொல். வியாகுல மாதாவைத் துயருறும் அன்னை என்று இன்று அழைக்கிறோம். துயரம் என்பது சரியே. ஆனால் வியாகுலத்தில் கலக்கமும் தவிப்பும் சேர்ந்திருக்கின்றன. மாதாவின் ஏழு வியாகுலங்களுள் ஒன்று, பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் மூன்று நாள் தேடியது. அந்த மூன்று நாளும் அன்னைக்கு இருந்தது துயரம் அன்று. இழந்துவிட்டோமா, இல்லையா என்று தெரியாத நிலை அது. பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் பிள்ளையைத் தவறவிட்ட எந்தத் தாயும் இதற்கு உரை எழுத வல்லவர்.

எல்லாவற்றினும் நம் மனத்தில் நிலைத்துவிட்ட சொல் 'பாடு'. படு என்னும் வினையிலிருந்து பிறந்தது. பட்ட பாடு என்கிறோம், வயிற்றுப்பாடு என்கிறோம், பாடுபட்டு உழைத்தான் என்கிறோம். பிறரைப் பார்த்துப் பொறாமை கொண்டால், 'உன் பாடு கொண்டாட்டம்' என்றும் சொல்லிவிடுகிறோம். கடற்கரையில் மீன்பாடு என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்த மீன். 'இன்று பாடு எப்படி?' என்று கரையில் நிற்பவர் கேட்பார். 'பாடில்லை' என்றால் அடுப்பு எரிவது ஐயம். அதே ஊரில், அதே வாயால், தவக்காலத்து வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கிறார்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தைப் 'பாடுபட்ட சுரூபம்' என்று முன்னோர் பெயரிட்டனர். கூலிக்காரர் படுவதும் பாடு, வலைஞர் பெறுவதும் பாடு, ஆண்டவர் ஏற்றதும் பாடு. இதற்கு நிகரான சொல் நாம் பயின்ற வேறு மொழி எதிலும் நமக்குக் கிடைத்ததில்லை.

இவ்வளவையும் நாம் அறிந்திருந்தோம். தவக்காலத் தியானங்களில் பாடு என்னும் சொல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தும் இருக்கிறோம். அறிந்திருந்தும் நிகழ்ந்தது இது.

சில ஆண்டுகளுக்கு முன், கீழைக் கடற்கரையில் ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அக்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் கரையில் நிறுத்தப்படும். அந்நாட்களில் நம் வாசலில் கூட்டம் கூடுதலாயிருக்கும். மே மாதத்தில் ஒரு காலை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, மற்றவர்கள் எல்லாரும் பேசிச் செல்லும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக வந்து, 'கஷ்டமாயிருக்கு சாமி' என்றார்.

'வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகவில்லையா?' என்று கேட்டோம். அவர் தலையை அசைத்தார். ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். பள்ளிக் கட்டடக் குழுவினர் உள்ளே நமக்காகக் காத்திருந்தனர். வின்சென்ட் தே பவுல் சபையாருக்குச் சீட்டு எழுதி 10 கிலோ அரிசிக்கு ஏற்பாடு செய்தோம். நம் பையிலிருந்து 500 ரூபாயும் கொடுத்தோம். 'கவலைப்படாதேயுங்கள் அம்மா, இன்னும் ஒரு மாதந்தானே' என்று தேற்றினோம். அவர் சீட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், 'தோத்திரம் சாமி' என்று சொல்லிப் போய்விட்டார். ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. ஒரு நற்செயலைச் செய்த நிறைவோடு அன்று குழுவினர் முன் அமர்ந்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

திருவருகைக் காலத்தில் ஒருநாள் அவர் மகன் வந்து கதவைத் தட்டினான். 'அம்மாவுக்குக் கஷ்டமாயிருக்கு.' போனோம். குடிசை இல்லை, காரை வீடுதான். வீட்டின் முன் மணலில் வள்ளம் ஒன்று ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் நம் கால்கள் சற்றே நின்றன. தடைக்காலம் விசைப்படகுகளுக்கே உரியது. நாட்டுப்படகுக்காரர் அப்போதும் கடலுக்குப் போவார்கள். விசைப்படகுகள் ஓடாத அந்நாட்களில் அவர்கள் கொண்டுவரும் மீனுக்கு நல்ல விலையுங்கூடக் கிடைக்கும். அக்கரையில் நான்கு ஆண்டுகள் இருந்த நமக்கு இது தெரியாததன்று. அந்த மே மாதத்தில் அவ்வீட்டில் முடை இல்லை.

மார்பில் புற்றுநோய். பரவிவிட்டிருந்தது. பூசுதல் முடிந்து, எல்லாரும் வெளியே சென்றபின் அவர் மெல்லிய குரலில், 'அன்னைக்கு நான் அரிசிக்கு வரல, சாமி' என்றார்.

அன்று மார்பில் ஒரு கட்டி தென்பட்டிருந்தது. வலி இல்லை. கணவரிடம் சொல்லக் கூச்சம்; மாமியாரிடம் சொல்ல அச்சம். கன்னியர் மருத்துவமனைக்கு நாம் ஒரு கடிதம் கொடுத்தால், வேறு காரணம் சொல்லிப் போய்விடலாம் என்று எண்ணி வந்திருக்கிறார். ஓர் ஆண்மகனிடம், அதுவும் சாமியாரிடம், எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொற்களைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். வாசலில் ஒரே ஒரு சொல் வெளிவந்தது. மீதியை நாம் இட்டு நிரப்பிவிட்டோம். 'நீங்க சீட்டு எழுதினப்பறம் சொல்ல வாய் வரல' என்றார். குறை கூறும் குரலில் சொல்லவில்லை. அரிசியைப் பக்கத்து வீட்டு விதவைக்குக் கொடுத்துவிட்டாராம். ரூபாயை மாதா கெபியின் உண்டியலில் போட்டுவிட்டாராம்.

அத்தகைய கட்டியை வலி தோன்றுமுன் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டினால் குணமாகும் வாய்ப்பு மிகுதி என்பதைப் பங்கு மக்கள் எல்லாரும் அறிய வேண்டும். இடையில் கழிந்த அந்த ஏழு மாதங்களை நாம் எண்ணிப் பார்க்காத நாளில்லை. பெப்ருவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாளுக்கு முன்பே அவரை அடக்கம் செய்தோம். முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்த கணவர், 'பொம்பளைங்ககிட்ட இதைச் சொல்லுங்க சாமி' என்று கேட்டுக்கொண்டார். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று இது. அவர் இசைவோடுதான் இங்கே எழுதுகிறோம்.

அவர் ஏன் வேறு சொல்லைச் சொல்லவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். நோவு என்றோ, பயம் என்றோ சொல்லியிருக்கலாமே என்பர். அது நியாயமன்று. எதையும் சொல்லாமலே சொல்லிவிட வசதியாயிருப்பதனாலேயே 'கஷ்டம்' எல்லார் வாயிலும் இருக்கிறது. மானமுள்ளவர்கள் அதைத் திரைச்சீலை போல் முன்னே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். விலக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு இருந்தது. விலக்கும்வரை காத்திருக்கும் பொறுமைதான் இல்லாமற்போயிற்று. நம் இல்லங்களிலும் இதுவே நடக்கிறது என்று அஞ்சுகிறோம். மனைவி கஷ்டம் என்றால் கணவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். விடுதியிலிருந்து பிள்ளை கஷ்டம் என்றால், 'அந்தக் காலத்தில் நாங்கள் படாத கஷ்டமா?' என்று தொடங்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளை அதற்குமேல் ஒன்றும் சொல்லாது.

இப்போது நாம் இருக்கும் பங்கில் வாசலருகே இரு நாற்காலிகள் போட்டிருக்கிறோம். யாரேனும் அச்சொல்லைச் சொன்னால் முதலில் உட்காரச் சொல்வோம். 'என்ன கஷ்டம்?' என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசாமலிருக்கப் பழகி வருகிறோம். பிரசங்கித்துப் பழகிய வாய்க்கு இது எளிதன்று. பெண்கள் வந்தால், விரும்பினால் பேசட்டும் என்று அருட்சகோதரி ஒருவரை வாரத்தில் இரு நாள் அங்கே இருக்கச் செய்திருக்கிறோம்.

சென்ற மாதம் ஒரு பெரியவர் வந்தார். கைத்தடி, வெள்ளை வேட்டி, கழுத்தில் உத்தரியம். 'கஷ்டம் சாமி' என்று சொல்லி உட்கார்ந்தார். முதியோர் உதவித்தொகை வரவில்லை போலும் என்று நம் மனம் வழக்கம்போல் முந்திக்கொண்டு ஓடியது. அதை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். மழையைப் பற்றிச் சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னார். அரை மணி நேரம் சென்றபின் விஷயம் வெளிவந்தது. மாலைத் திருப்பலியை நாம் ஆறரை மணிக்கு மாற்றியிருந்தோம். அவருடைய ஊருக்குக் கடைசிப் பேருந்து ஏழு மணிக்கு. நன்மை வாங்கினால் பேருந்து போய்விடும்; பேருந்தைப் பிடித்தால் நன்மை இல்லை. இரண்டு மாதமாக நன்மை வாங்கிவிட்டு இரவில் மூன்று கிலோமீட்டர் நடந்துகொண்டிருக்கிறார். நாம் பணம் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு, அன்று மாலையும் நடந்தே போயிருப்பார்.

இப்போது மாலைத் திருப்பலி ஐந்தரை மணிக்கு.